கதவு யார் கையில்?

ஜாம்பிக்குக் கதவைத் திறக்கத் தெரியாது. பெரும்பாலான படங்களில் இது எழுதாத விதி. முட்டும், மோதும், கண்ணாடியில் முகத்தை வைத்துத் தேய்க்கும். தாழ்ப்பாளை நீக்க மட்டும் வராது. ஆனாலும் படம் முடிவதற்குள் கதவு எப்படியோ திறந்துவிடுகிறது. திறப்பது யார் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் மனிதர்தான். பயந்து ஓடுகிறவர், இரக்கப்பட்டவர், கோபத்தில் இருப்பவர், அடுத்தவரைத் தள்ளிவிட்டாவது தான் தப்பலாம் என்று நினைப்பவர்.

கொள்ளைநோய்க் கதைகளையும் ஜாம்பிக் கதைகளையும் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த சுலபமான வழி இதுதான். கிருமியை விட்டுவிட்டுக் கதவைப் பாருங்கள். மூடச் சொன்னது யார், பூட்டியது யார், வெளியே நின்றுபோனது யார்? அதிகாரம், சமூகம், உயிர்பிழைத்தல் என்று பெரிய சொற்களில் விமர்சகர்கள் பேசுவதெல்லாம் அந்த நாலடி இடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது.

தென்கொரிய இயக்குநர் இயோன் சாங்-ஹோ 2016-இல் எடுத்த ‘டிரெயின் டு பூசான்’ படத்தில் அது ரயில் பெட்டிக் கதவு. சோலிலிருந்து பூசானுக்குப் போகும் அதிவேக ரயிலில் தொற்று ஏறிவிடுகிறது. நாயகன் சோக்-ஊ நிதி நிறுவனமொன்றில் மேலாளர். மகளை அவள் அம்மாவிடம் கொண்டுபோய்விடக் கிளம்பியவர். ஆபத்து என்றால் முதலில் தன்னைப் பார்த்துக்கொள் என்று மகளுக்கே பாடம் எடுப்பவர். இந்த ஜாம்பிகளுக்குக் கண்ணில் பட்டால்தான் வெறி. அதனால் ஒரு கர்ப்பிணிப் பெண் கதவுக் கண்ணாடியில் தண்ணீரைத் தெளித்துச் செய்தித்தாளை ஒட்டுகிறாள். அப்பால் இருப்பவை அடங்கி நிற்கின்றன. உலகமே இடிந்துவிழும் கதையில் ஈரச் செய்தித்தாளுக்கு இவ்வளவு வேலை கொடுத்த திரைக்கதை ஆசிரியரை எனக்குப் பிடிக்கும்.

பாதி ரயில் வீழ்ந்த பிறகு சோக்-ஊவும் இன்னும் இருவரும் ஒன்பதாம் பெட்டியிலிருந்து அடித்து முன்னேறுகிறார்கள். பதின்மூன்றாம் பெட்டிக் கழிப்பறையில் ஒளிந்திருந்தவர்களை மீட்டுக்கொண்டு பதினைந்தாம் பெட்டிக்கு வந்தால், கதவு இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் மனிதர்கள், சக பயணிகள். பேருந்து நிறுவனம் ஒன்றின் உயர் அதிகாரி அவர்களை மிரட்டி வைத்திருக்கிறார்: வருகிறவர்களுக்கும் தொற்றியிருக்கும், விடாதீர்கள். கதவு திறக்கத் தாமதமான அந்தச் சில நொடிகளில், பின்னால் ஜாம்பிக் கூட்டத்தைத் தாங்கிப் பிடித்திருந்த சாங்-ஹ்வா கடிபட்டுச் சாகிறார். அந்தக் கர்ப்பிணியின் கணவர் அவர். ஒருவழியாக உள்ளே வந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளாமல் அடுத்த பெட்டி இடைவெளிக்கு விரட்டிவிட்டு, அந்தப் பக்கக் கதவையும் கட்டுகிறார்கள்.

அந்தப் பெட்டியில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அக்கா ஜாம்பியாகிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். தங்கை அக்காவைப் பார்க்கிறார். பிறகு, சக மனிதரை விரட்டிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பயணிகளைப் பார்க்கிறார். எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறார். ஜாம்பிப் படங்களில் எத்தனையோ கொலைகளைப் பார்த்தவர்களும் இந்த இடத்தில் ஒரு கணம் கிழவியின் கட்சிக்குப் போய்விடுவார்கள். படம் பார்வையாளரிடம் செய்யும் குறும்பு இது.

கொரிய ரசிகர்களுக்கு இந்தக் காட்சி வெறும் கற்பனையாக இருந்திருக்காது. 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் என்ற கப்பல் ஜேஜு தீவுக்குப் போகும் வழியில் கவிழ்ந்து 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஒரே பள்ளியிலிருந்து சுற்றுலா போன மாணவர்கள். இருந்த இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. சொன்னபடி கேட்டவர்கள் மூழ்கினார்கள், கேப்டன் தப்பித்துக் கரையேறினார். மாணவர்கள் அனைவரும் மீட்கப்பட்டுவிட்டதாக அன்று முதலில் வந்த செய்தி பொய்யானது. அடுத்த ஆண்டே மெர்ஸ் தொற்று: 186 பேருக்கு நோய், 38 பேர் மரணம். எந்தெந்த மருத்துவமனைகளில் பரவியது என்பதை அரசு தொடக்கத்தில் வெளியிட மறுத்தது. இப்படி இரண்டு வருடம் கழிந்த பின் ஒரு படத்தில் ரயில் பெட்டித் தொலைக்காட்சி, கலவரம் கட்டுக்குள் இருக்கிறது, அரசை நம்புங்கள் என்று சொன்னால், திரையரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தோன்றும்? ஒரு கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றதில் இதற்கும் பங்கு உண்டு.

அதே படத்தில் சோக்-ஊ தனக்குத் தெரிந்த ராணுவ அதிகாரிக்குப் போன் போட்டு, தானும் மகளும் மட்டும் வேறு வழியாக வெளியேற ஏற்பாடு செய்கிறார். எல்லோருக்கும் ஒரு வாசல், ஆள் தெரிந்தவருக்கு இன்னொரு வாசல். இதற்குத் தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவையில்லை.

ஜாம்பி பிறந்த இடத்துக்குப் போனால் இந்தச் சங்கதி இன்னும் பழையது என்று தெரியும். கரீபியக் கடலில் இருக்கும் ஹைத்தி, பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது கரும்புத் தோட்டங்களின் நாடு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சுமார் ஐந்து லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் அங்கே உழைத்துச் செத்தார்கள். அவர்கள் வழி வந்த நம்பிக்கையில் ஜாம்பி யாரையும் கடிக்காது. மந்திரவாதி ஒருவன் செத்தவரை எழுப்பி, தன் வயலில் வேலை வாங்குவான். ஜாம்பியைப் பார்த்துப் பயப்படுவதைவிட, தான் ஜாம்பியாகிவிடுவோமோ என்பதுதான் அங்கே பெரிய பயம். சாவு வந்தாலாவது எசமானிடமிருந்து விடுதலை என்று நம்பிய அடிமைக்கு, அதுவும் கிடைக்காது என்பதைவிடக் கொடிய பேய்க்கதை வேறு என்ன இருக்க முடியும்?

1915 முதல் 1934 வரை அமெரிக்கா ஹைத்தியை ஆக்கிரமித்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில் அங்கே போய் வந்த வில்லியம் சீப்ரூக் 1929-இல் எழுதிய பயண நூல் இந்த நம்பிக்கையை அமெரிக்க வாசகர்களிடம் கொண்டுபோனது. மூன்றே ஆண்டில் ‘ஒயிட் ஜாம்பி’ படம் வந்தது. அதில் ஒரு சர்க்கரை ஆலை. செத்தவர்கள் வரிசையாக நின்று ஆலையைச் சுற்றுகிறார்கள். ஒருவன் தவறி அரவைக்குள் விழுகிறான். ஆலை நிற்கவில்லை, மற்றவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. அதிகாரத்தை இதைவிட எளிமையாக எந்தப் பிற்காலப் படமும் காட்டிவிடவில்லை என்பேன்.

எசமான் இல்லாத, மனிதரைத் தின்கிற கூட்டம் 1968-இல்தான் வந்தது. பிட்ஸ்பர்க் பகுதியில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரோமெரோவும் அவர் நண்பர்களும் சுமார் 1,14,000 டாலரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. ஒரு பண்ணை வீடு, ஓர் இரவு, ஏழு பேர். வெளியே செத்தவர்கள். உள்ளே சண்டை. ஹாரி என்ற நடுத்தர வயதுக் குடும்பஸ்தர், நிலவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வோம், அதற்கு ஒரே கதவுதான் என்கிறார். பென் என்ற கறுப்பின இளைஞர், அது தப்ப வழியில்லாத பொறி, மேலேயே ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக் காத்து நிற்போம் என்கிறார். படம் முழுக்க நம் மனசு பென் பக்கம். ஹாரி கோழை, சுயநலக்காரர், பார்த்தாலே எரிச்சல் வரும்.

வானொலி முதலில் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்கிறது. பிறகு தொலைக்காட்சி, மீட்பு மையங்களுக்கு வந்துவிடுங்கள் என்கிறது. இரண்டாவது அறிவிப்பை நம்பி வண்டிக்கு பெட்ரோல் போடப் போன இளம் காதலர்கள் தீயில் கருகுகிறார்கள். வாஷிங்டனில் ராணுவ அதிகாரியும் விஞ்ஞானியும் கேமரா முன்னாலேயே ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசிக்கொண்டே காரில் ஏறிப் போகிறார்கள். இவ்வளவும் 1968-இல். கொரோனாவின் முதல் மாதங்களில், முகக்கவசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு கட்டாயம் என்று சொன்ன அறிவிப்புகளைக் கேட்டவர்களுக்கு இந்தப் படம் பழையதாகத் தெரியாது.

கடைசியில் மேல்தளம் விழுகிறது. விடியும்வரை பென்னின் உயிரைக் காப்பது அந்த நிலவறைதான். ஹாரி சொன்னது சரியாகிவிட்டது! இதைப் படத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கவனித்தவருக்கு மட்டும் உறைக்கும். காலையில் ஷெரிஃபின் ஆட்கள் நாய்களோடும் துப்பாக்கிகளோடும் வருகிறார்கள். சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்த பென்னை ஜாம்பி என்று நினைத்து நெற்றியில் சுடுகிறார்கள். இறைச்சிக் கொக்கியோடு அவர் உடலை இழுத்துப் போவதைப் புகைப்படங்களாகக் காட்டுகிறது படம். பென் பாத்திரத்துக்குக் கறுப்பினத்தவர்தான் வேண்டும் என்று தேடவில்லை, வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ்தான் நன்றாக நடித்தார் என்பது ரோமெரோவின் விளக்கம். முடிந்த படத்தோடு நியூயார்க்குக்குக் காரில் போன இரவில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த முடிவுக் காட்சியை எந்த அமெரிக்கரும் வெறும் பேய்ப்படமாகப் பார்த்திருக்க முடியாது.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். கொள்ளைநோய்க் கதையில் தொற்றியவர் நோயாளி. ஜாம்பிக் கதையில் தொற்றியவர் எதிரி. நோயாளிக்கு மருந்து, கஞ்சி, கவனிப்பு, பிழைக்கவும் வாய்ப்புண்டு. எதிரிக்குத் தலையில் ஒரு குண்டு. பக்கத்து வீட்டுக்காரரை, பெற்ற தாயை, சொந்தக் குழந்தையைக்கூடக் குற்றவுணர்ச்சி இல்லாமல் கொல்ல அனுமதிக்கும் ஒரே கதைவகை இதுதான். பொழுதுபோக்காக அது வசதி, சிந்தனையாக ஆபத்து. 2011-இல் அமெரிக்க ராணுவ அதிகாரிகள் பயிற்சிக்காக ஜாம்பிகளை எதிர்க்கும் போர்த்திட்டம் ஒன்றையே எழுதினார்கள். அதற்கு எண் 8888. உண்மையான நாடொன்றின் பெயரைப் போட்டால், நிஜமாகவே படையெடுக்கப் போகிறார்கள் என்று யாராவது நினைத்துவிடுவார்களே! ஜாம்பியை எதிரியாக வைத்தால் எந்தத் தூதரகமும் கண்டனக் கடிதம் அனுப்பாது.

நோயாளியை நோயாளியாகவே பார்க்கும் கதைகளில் அதிகாரத்தின் முகமும் வேறு மாதிரி. டேனியல் டீஃபோ 1722-இல் வெளியிட்ட ‘எ ஜர்னல் ஆஃப் தி பிளேக் இயர்’ 1665-ஆம் ஆண்டின் லண்டன் பிளேக்கைப் பற்றியது. அப்போது டீஃபோ சின்னக் குழந்தை. கேட்டும் படித்தும் சேர்த்ததை, சேணம் விற்கும் ஒரு வியாபாரி சொல்வதாக எழுதினார். நோய் கண்ட வீட்டை ஆட்களோடு சேர்த்துப் பூட்டி, கதவில் சிவப்புச் சிலுவை போட்டு, பகலுக்கு ஒரு காவலர், இரவுக்கு ஒரு காவலர் நிறுத்துகிறார்கள். மக்கள் சும்மா இருப்பார்களா? பின்சுவர் வழியாகத் தப்புகிறார்கள். காவலரைக் கடைக்கு அனுப்பிவிட்டு ஓடுகிறார்கள். ஓரிடத்தில் வெடிமருந்து வைத்துக் காவலரையே தாக்குகிறார்கள். வெளியே நன்றாகத் தெரிகிறவர்களே நோயைப் பரப்பிக்கொண்டிருக்க, வீட்டைப் பூட்டி என்ன பயன் என்று கேட்கிறார் அந்த வியாபாரி. நுண்ணுயிரால்தான் நோய் பரவுகிறது என்று மருத்துவம் அறியாத காலத்தில் இந்தக் கேள்வி.

ஆனால் அதே நூல் அதிகாரிகளை முழுக்கத் திட்டுவதும் இல்லை. அரசவை ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஓடிவிட்டது. மேயரும் நீதிபதிகளும் நகரத்திலேயே இருந்தார்கள். ரொட்டிக்காரர்கள் அடுப்பை அணைக்கக் கூடாது என்று உத்தரவு. சந்தை நடந்தது, விலை பெரிதாக ஏறவில்லை. பூட்டிய அதிகாரத்தைக் குறை சொல்லும் டீஃபோ, சோறு போட்ட அதிகாரத்தைப் பாராட்டுகிறார். ஜாம்பிப் படங்களில் இந்த இரண்டாவது பகுதி அநேகமாக வரவே வராது. அங்கே அரசு என்றால் துப்பாக்கி அல்லது பொய், இரண்டில் ஒன்று.

ஆல்பெர் காம்யுவின் ‘கொள்ளை நோய்’ நாவல் (1947) அல்ஜீரியாவின் ஓரான் நகரில் நடக்கிறது. எலிகள் செத்துவிழுகின்றன. மருத்துவர் ரியூ உடனே நடவடிக்கை எடுக்கச் சொல்கிறார். அதிகாரிகள் மூலையில் சின்ன நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். நகர வாசல்கள் மூடப்பட்டதும் கதை சூடுபிடிக்கும் என்று எதிர்பார்ப்போம். அதற்கு மாறாக அது மெதுவாகிறது. தாரூ என்பவர் தொண்டர் குழுக்களை அமைக்கிறார். வெளியூர்ப் பத்திரிகையாளர் ராம்பெர் காதலியிடம் ஓட வழி தேடி, வழி கிடைத்த நேரத்தில் தங்கிவிடுகிறார். கிராண் என்ற சாதாரண குமாஸ்தா பகல் வேலை முடித்து, மாலையில் நோய்க் கணக்கு எழுதித் தருகிறார். நாவலின் நாயகன் யார் என்று கேட்டால் இந்தக் குமாஸ்தாவைக் காட்டலாம் என்று கதைசொல்லியே சொல்கிறார். குமாஸ்தாவை நாயகனாக்கிய ஜாம்பிப் படம் இருந்தால் சொல்லுங்கள், முதல் காட்சிக்கே போகிறேன்.

பேரிடரில் மனிதர்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்கள்? இதை ஆராயவே 1963-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் தொடங்கினார்கள். பின்னாளில் அது டெலவேர் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான என்ரிகோ குவாரன்டெல்லியும் மற்றவர்களும் பல பத்தாண்டுகள் வெள்ளம், நிலநடுக்கம், தீவிபத்து என்று பார்த்துச் சொன்னது: திரைப்படம் காட்டும் வெறிபிடித்த ஓட்டம் மிக அபூர்வம். இடிபாட்டிலிருந்து முதலில் ஆட்களை இழுத்து வெளியே போடுவது பெரும்பாலும் அக்கம்பக்கத்தவர்தான். அமெரிக்க ஆய்வாளர்கள் லீ கிளார்க்கும் கேரன் செஸ்ஸும் 2008-இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். மக்கள் பீதியடைந்துவிடுவார்களோ என்று மேலிடம் பீதியடைகிறது. அந்தப் பீதியில் தகவலை மறைக்கிறது, துப்பாக்கியை எடுக்கிறது.

2005-இல் நியூ ஆர்லியன்ஸைக் கத்ரீனா புயல் அடித்தபோது நடந்தது இதுதான். சூப்பர்டோம் விளையாட்டரங்கில் தஞ்சமடைந்தவர்களிடையே கொலையும் வன்புணர்வும் தலைவிரித்தாடுவதாக மேயரும் காவல்துறைத் தலைவருமே பேட்டி கொடுத்தார்கள். பெரும்பாலானவை வதந்தி என்று பின்னர் தெரிந்தது. அதற்குள் சுமார் 1,500 காவலர்களை மீட்புப் பணியிலிருந்து எடுத்துக் கொள்ளையைத் தடுக்க அனுப்பியிருந்தார் மேயர். செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் ஆயுதம் ஏதுமில்லாத குடும்பங்களைக் காவலர்கள் சுட்டார்கள். இரண்டு பேர் இறந்தார்கள், இருவரும் கறுப்பினத்தவர்கள். ரோமெரோ படத்தின் கடைசிக் காட்சியை நினைக்காமல் இதைப் படிக்க முடியவில்லை.

ஆக, இந்தக் கதைகள் அதிகாரத்தைப் பற்றிச் சொல்வதில் பாதிக்கு மேல் சரி; மக்களைப் பற்றிச் சொல்வதில் பாதிக்கு மேல் தவறு. இதுதான் என் கட்சி. காரணமும் சிக்கலானதல்ல. நாலு பேர் வரிசையில் நின்று அரிசி வாங்கிப் பகிர்ந்துகொள்வதை இரண்டு மணிநேரம் படமெடுத்தால் யார் பார்ப்பார்கள்? கதைக்குச் சண்டை வேண்டும். சண்டைக்கு மோசமான அண்டைவீட்டார் வேண்டும். பிரச்சினை என்னவென்றால், அந்தப் படங்களையே பார்த்து வளர்ந்தவர், மின்சாரம் போன முதல் நாளே பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்குவார்.

மக்கள் எப்போதும் நல்லவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 2020 ஏப்ரல் 19 இரவு சென்னையில், கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கியது. உடன் வந்தவர்களுக்கு ரத்தக் காயம். நள்ளிரவில் அவருடைய சக மருத்துவர் திரும்ப வந்து, தானே மண்வெட்டி பிடித்துப் புதைத்தார். பிணத்திலிருந்து நோய் எழுந்துவரும் என்ற பயம் அது. அந்தக் கூட்டத்துக்கு அந்த மருத்துவர் நோயாளியாகவும் தெரியவில்லை, இறந்தவராகவும் தெரியவில்லை. அதே மாதத்தில் தமிழக அரசு, இப்படி அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே சென்னையில் அதே வாரங்களில் முன்பின் தெரியாதவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவர்களின் எண்ணிக்கை அந்தக் கூட்டத்தைப் போலப் பல மடங்கு. அது செய்தியில் சின்ன இடம்தான் பிடித்தது.

நம் ஊரில் கொரோனா கால அதிகாரத்தை எந்த ஜாம்பிப் படமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 1897-இல் பம்பாய் பிளேக்குக்காகப் பிரிட்டிஷார் போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்தார்கள். நாலு மணிநேர அவகாசத்தில் நாடே மூடப்பட்டது. வாசலில் ஸ்டிக்கர், சில தெருக்களில் தகரம். மாவட்ட எல்லை தாண்ட இ-பாஸ். கல்யாணமா, சாவா, மருத்துவமா என்று காரணம் தேர்வு செய்து, ஆதாரம் இணைத்து, நிராகரிக்கப்பட்டால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. திரையில் அதிகாரம் ஹெலிகாப்டரில் வரும். இங்கே அது ஓடிபியாக வந்தது.

தமிழில் ஜாம்பி என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது 2016-இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி ஜெயம் ரவி நடித்த ‘மிருதன்’. ஊட்டியில் தொடங்கும் கதை. நாயகன் போக்குவரத்துக் காவலர். அதிகார ஏணியில் கடைசிப் படியில் நிற்பவரை மையத்தில் வைத்தது நல்ல யோசனை. மேலிருந்து வரும் உத்தரவுக்கும் தெருவில் நிற்கும் ஆளுக்கும் நடுவில் அவர் படும் பாட்டில் பெரிய கதை இருந்தது. படம் காதலுக்கும் துப்பாக்கிக்கும் போய்விட்டது.

உயிர்பிழைத்தல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கி, டின் உணவு, யாரையும் நம்பாதே என்ற சூத்திரத்தை ‘தி வாக்கிங் டெட்’ போன்ற தொடர்கள் வருடக்கணக்கில் ஓட்டின. அந்தத் தொடரே போகப் போக, தனியாகத் திரிந்தவர்கள் சாக, வேலி போட்டு, பயிர் வைத்து, சண்டையைப் பேசித் தீர்க்கும் ஊர்கள்தான் நிலைக்கின்றன என்று காட்டவேண்டி வந்தது. எமிலி செயின்ட் ஜான் மாண்டலின் ‘ஸ்டேஷன் லெவன்’ நாவல் (2014) இன்னும் ஒரு படி போகிறது. காய்ச்சலில் உலகம் காலியான பிறகு ஒரு குழு ஊர் ஊராகப் போய் ஷேக்ஸ்பியர் நாடகம் போடுகிறது. அதில் வரும் விமான நிலையத்தில், தரையிறங்கிய ஒரு விமானம் மட்டும் தள்ளி நிற்கிறது. அதன் கதவு திறக்கப்படவே இல்லை. உள்ளே நோய் இருந்தது. அது அங்கேயே முடிந்தது. வெளியே இருப்பவர்கள் பிழைத்ததற்கு அந்த மூடிய கதவும் காரணம்.

அதிகாரம் ஒழுங்காக வேலை செய்வதைச் சுவாரஸ்யமாகக் காட்ட முடியாதா? முடியும். ஸ்டீவன் சோடர்பெர்க்கின் ‘கன்டேஜியன்’ (2011) தொற்றியலாளர் இயன் லிப்கின் ஆலோசனையோடு எடுக்கப்பட்டது. வௌவாலிலிருந்து பன்றிக்கும் பன்றியிலிருந்து மனிதருக்கும் வரும் கிருமி, மலேசியாவில் 1998-99-இல் பரவிய நிபாவை ஒட்டியது. அதில் களத்துக்குப் போன அதிகாரி டாக்டர் மியர்ஸ் தானே நோயில் விழுகிறார். அவர் ஏற்பாடு செய்த தற்காலிக வார்டிலேயே ஒரு கட்டிலில் கிடந்து, குளிரில் நடுங்கும் பக்கத்துக் கட்டில்காரரிடம் தன் கோட்டைத் தள்ளிவிட முயன்றபடியே சாகிறார். அவருடைய மேலதிகாரியோ, ஊர் மூடப்படப்போகும் ரகசியத்தைக் காதலியிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். ஒரே அலுவலகம், இரண்டு மனிதர்கள். தடுப்பூசி வந்ததும் யாருக்கு முதலில் என்பதைப் பிறந்த தேதி வைத்துக் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். ஜாம்பிப் படத்தில் இந்தக் கேள்வியே எழாது.

2018-இல் அதே நிபா கோழிக்கோட்டில் வந்து 17 உயிர்களைப் பறித்தது. அடுத்த ஆண்டு ஆஷிக் அபு அதை ‘வைரஸ்’ என்று மலையாளத்தில் எடுத்தார். உடலை எரிக்க ஆள் வராத இக்கட்டு அதிலும் உண்டு. ஆனால் படத்தின் விறுவிறுப்பு ஓட்டத்தில் இல்லை. யார் யாரைத் தொட்டார், எந்த வரிசையில் எவர் நின்றார் என்று தாளில் கோடு போட்டுத் தேடுவதில் இருக்கிறது. அரசுக் கூட்டங்களை இவ்வளவு பரபரப்பாகக் காட்டிய இந்தியப் படம் வேறு எனக்குத் தெரியாது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் ‘வைரஸ்’, ‘டிரெயின் டு பூசான்’ என்று இந்த வரிசையில் போகலாம். பயம் தாங்காதவர்கள் டீஃபோவைப் படிக்கலாம். பயம் போதாது என்பவர்களுக்கு ரோமெரோ. ரோமெரோவுக்குக் காசுகூடத் தேவையில்லை. வெளியிடும் நேரத்தில் விநியோகஸ்தர் படத்தின் தலைப்பை மாற்றினார். பழைய தலைப்பு அட்டையோடு காப்புரிமை அறிவிப்பும் போய்விட்டது. அந்தக் கால அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. அதனால் அந்தப் படம் அன்றிலிருந்தே பொதுச்சொத்து, இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ரோமெரோவுக்கு அதனால் நஷ்டம்; ஜாம்பி உலகமெங்கும் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.